அல்சூர் வீட்டில் ஒரு சுருக்குப்பை: மறதிநோய் வந்தவரைப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. அல்சைமர் என்று ஒன்றரை வருடம் முன்பு சொன்னார்கள். சோமேஸ்வரர் கோயில் பக்கம் முப்பது வருடம் பூ விற்றவர். இப்போது சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுகிறார். பணத்தை எடுத்துவிட்டேன், நகையை எடுத்துவிட்டேன் என்று என்னைத்தான் சொல்கிறார். குளிக்க வைப்பது தினமும் சண்டை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். டாக்டர் "பர்சன் சென்டர்டு கேர்" என்று ஒன்று சொன்னார். அது என்ன? இரண்டு பெட்ரூம் வீட்டில் அதெல்லாம் நடக்குமா?

பதில்:

நடக்கும். முழுசாக நடக்காது, ஆனால் நடக்கும். நான் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். என் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். கடைசி ஆறு வருடம் மறதிநோயோடு மர்பி டவுனில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். வார்டில் ஊருக்கெல்லாம் பொறுமை சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கத்தியவள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் சொன்னதற்கு மனிதரை மையமாக வைத்துப் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். அதற்குப் பின்னால் டாம் கிட்வுட் என்ற ஆங்கிலேயர் இருக்கிறார். பிராட்போர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பித்தவர். 1980களின் கடைசியிலும் 90களிலும் இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார், 1998இல் இறந்துபோனார். அதுவரை மறதிநோய் என்றால் மூளையில் செல்கள் சாகின்றன, அவ்வளவுதான் கதை என்று இருந்தது. அவர் ஒரு கணக்குப் போட்டார். ஒருவரிடம் நாம் பார்க்கும் நிலைமைக்கு மூளைச் சேதம் ஒரு பங்குதான். அவருடைய சுபாவம், அவர் வாழ்ந்த வாழ்க்கை, உடம்பு ஆரோக்கியம், சுற்றி இருப்பவர்கள் அவரை நடத்தும் விதம், இவையும் அதில் சேரும் என்றார். முதல் பங்கை நீங்களும் நானும் மாற்ற முடியாது. மற்றதில் நம் கைக்கு எட்டுவது நிறைய இருக்கிறது. ஒரே அளவு சேதமுள்ள இரண்டு பேரில் ஒருவர் அமைதியாக இருப்பதும் இன்னொருவர் அலறிக்கொண்டே இருப்பதும் வார்டில் நான் தினமும் பார்த்த விஷயம். அதற்குப் பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இதற்குள் போவதற்கு முன் ஒரு டாக்டர் சமாச்சாரம். அத்தையிடம் இந்த மாற்றமெல்லாம் மெல்ல மெல்ல வந்ததா, இல்லை இரண்டு மூன்று நாளில் திடீரென்று வந்ததா? திடீரென்று என்றால் அது மறதிநோயின் வேலையாக இருக்காது. மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் தண்ணீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எங்கேயாவது வலி என்று காரணம் இருக்கும். உடனே காட்டுங்கள். பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்றா என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காது கேட்காதவரை மறதி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வது சர்வசாதாரணம்.

சரி, இப்போது நகைக்கு வருவோம்.

அத்தை கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் காசை எங்கே வைத்திருந்தார்? நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னால் ஊகிக்க முடிகிறது. இடுப்பில் ஒரு சுருக்குப்பை இருந்திருக்கும். முப்பது வருடம் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை கை அங்கே போய் வந்திருக்கும். இப்போது நைட்டி போட்டுவிட்டிருப்பீர்கள், மாற்றிவிடச் சுலபம் என்று. கை இடுப்புக்குப் போகிறது, அங்கே ஒன்றும் இல்லை. பையை எடுத்து உள்ளே வைத்தது மூளையில் பதியவே இல்லை. இந்த நோயில் பழையது பத்திரமாக இருக்கும்போதே புதியது பதியாமல் போக ஆரம்பித்துவிடுகிறது. நான் வைத்தேன் என்ற ஞாபகம் இல்லை, பொருளும் இல்லை. அப்போது யார்தான் வேறு என்ன நினைப்பார்கள்? யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த யாரோ, பகலும் இரவும் பக்கத்தில் இருப்பவர்தான். எங்கோ இருக்கும் மகள் மேல் திருட்டுப்பழி விழாது, உங்கள் மேல்தான் விழும். அது வெறுப்பு இல்லை. நீங்கள் பக்கத்தில் இருப்பதற்குக் கிடைக்கிற சம்பளம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் "நான் எடுக்கலை" என்று நிரூபிக்கப் போகாதீர்கள். பீரோவைத் திறந்து காட்டினாலும் பத்து நிமிஷத்தில் திரும்ப ஆரம்பம். ஒரு சுருக்குப்பை வாங்கி, பத்து ரூபாய் நாணயமும் ஒரு ரூபாய் நாணயமும் கலந்து, கையில் எடுத்தால் கனம் தெரிகிற அளவுக்குப் போட்டுக் கொடுங்கள். அதே மாதிரி இரண்டாவது பை ஒன்றும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், முதலாவது கட்டாயம் தொலையும். உண்மையான நகையை எடுத்து லாக்கரில் வைத்துவிடுங்கள், அதில் விவாதமே வேண்டாம். பை காணோம் என்று சொன்னால் "ஐயோ, காசாச்சே, வாங்க தேடலாம்" என்று கூடவே தேடுங்கள். தேடும்போது நீங்கள் அவர் கட்சி, திருடன் கட்சி இல்லை.

கிட்வுட் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன தேவை என்று ஒரு படம் போட்டார். ஐந்து இதழுள்ள பூ. ஆறுதல், பற்று, கூட்டத்தில் ஒருவராக இருப்பது, கைக்கு வேலை, தான் யார் என்கிற அடையாளம். நடுவில் அன்பு. உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக அது பூவாகவே அமைந்துவிட்டது. இதில் நம் வீடுகளில் ஆறுதலுக்கும் பற்றுக்கும் பெரிய குறை இருப்பதில்லை. சாப்பாடு ஊட்டுவோம், போர்த்திவிடுவோம், திருநீறு வைப்போம். கைவேலையையும் அடையாளத்தையும்தான் கோட்டை விடுகிறோம். "நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லியே ஒருவரை நாற்காலியில் கட்டிப்போட்டுவிடுவோம்.

இன்னொன்று "குழந்தை மாதிரி ஆயிட்டாங்க" என்கிற பேச்சு. பாசத்தில்தான் சொல்கிறோம். நானும் சொன்னேன். ஆனால் அந்த வார்த்தை வாயில் வந்தவுடன் குரல் மாறுகிறது, மிரட்டல் வருகிறது, "குட் கேர்ள், ஆ காட்டு" வருகிறது. கிட்வுட், கெட்ட எண்ணமே இல்லாமல் நல்லவர்கள் செய்கிற தீங்குகளைப் பதினேழாகப் பட்டியல் போட்டார். குழந்தையாக்குவது அதில் ஒன்று. அவருடைய வேகத்துக்கு நிற்காமல் அவசரப்படுத்துவது, இருக்கும்போதே இல்லாதவர் மாதிரி பேசுவது, தானே செய்யக்கூடியதைப் பிடுங்கிச் செய்வது, கேலி, ஏமாற்றுவது, இதெல்லாமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், அப்பா எதிரில் உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்து "இவருக்கு இனிமே ஒண்ணும் புரியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்பா மைன்ஸில் துரைமார்களின் ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. என்ன நடந்தது என்று அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது. அந்த வலி மட்டும் அப்படியே தங்கியிருந்தது. இதை நன்றாக மனதில் வையுங்கள்: சம்பவம் மறந்துபோகும், அது கிளப்பிய உணர்ச்சி சாயங்காலம் வரை இருக்கும். காலையில் குளியலறையில் போட்ட சண்டைக்கு ஐந்து மணிக்குப் பதில் வரும்.

குளியல். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் யுத்தம் அங்கேதான்.

அத்தையின் கண்ணால் உங்கள் பாத்ரூமைப் பாருங்கள். வெள்ளை டைல்ஸ், வெள்ளை பக்கெட், வெள்ளை மக், தரையில் தண்ணீர் பளபளக்கிறது. எது தரை, எது பள்ளம் என்று மூளையால் பிரிக்க முடியவில்லை. எதிரே கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி நிற்கிறாள், அவள் எதிரில் துணியை அவிழ்க்கச் சொல்கிறார்கள். தலைக்கு மேலே இருந்து ஷவர் திடீரென்று கொட்டுகிறது. யார் அடம் பிடிக்க மாட்டார்கள்? கண்ணாடியில் ஒரு துண்டைத் தொங்கவிடுங்கள். ஷவரை மறந்துவிடுங்கள். சிவப்போ நீலமோ, கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் பக்கெட், உட்காரக் கைப்பிடி வைத்த ஸ்டூல், சொம்பு. தண்ணீரை முதலில் காலில் ஊற்றுங்கள், பிறகு கையில், பிறகு தோளில். தலை கடைசி, அதுவும் தினமும் வேண்டாம். மார்பில் ஒரு பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டே குளிக்கட்டும், கிராமத்தில் அப்படித்தானே குளித்திருப்பார். சோப்பை அவர் கையிலேயே கொடுங்கள். "குளிக்க வாங்க" என்ற வாக்கியத்தையே சொல்லாமல், "வெந்நீர் ஆறிடும் அத்தை, காலைக் கழுவிக்கலாமா" என்று ஆரம்பியுங்கள். பாதி நாள் அங்கிருந்து வழி கிடைக்கும். மீதி நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். ஒரு நாள் குளிக்காததால் யாரும் செத்ததில்லை. இதைச் சொல்வதற்கு ஒரு நர்ஸ் தேவைப்படுகிறது, பாருங்கள்.

சாயங்காலம் "வீட்டுக்குப் போகணும்" என்பதற்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்லலாம், இரண்டும் சரி. வெளிச்சம் மங்கும்போது இவர்களுக்குப் பதற்றம் கூடும், களைப்பும் சேரும். அதனால் நாலரைக்கே எல்லா லைட்டையும் போடுங்கள், ஜன்னல் திரையை மூடுங்கள், ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், டிவி சீரியல் சத்தத்தைக் குறையுங்கள். இதை யாரும் சொல்வார்கள். ஆனால் பூக்காரருக்குச் சாயங்காலம் என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தீர்களா? விளக்கு வைக்கிற நேரம்தான் அவர் நாளின் உச்சம். கோயிலுக்குக் கூட்டம் வரும், வேலை விட்டு வருகிற பெண்கள் இரண்டு முழம் வாங்குவார்கள், வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் சோபாவில் உட்கார வைத்தால் உடம்பு எழுந்து ஓடப் பார்க்கும். அவர் கேட்பது அம்மா வீடா, பழைய வாடகை வீடா, கடையா? கேட்டால்தான் தெரியும். "இதுதான் உங்க வீடு" என்று திருத்தாதீர்கள். "வீட்டுல யாரு இருக்காங்க அத்தை?" என்று கேளுங்கள். பதில் "பசங்க பசியோட இருக்கும்" என்று வந்தால் ஒரு கதை, "பூ வாடிப்போயிடும்" என்று வந்தால் வேறு கதை.

இங்கே பொய் சொல்லலாமா என்ற கேள்வி வரும். சிலர் தாராளமாகச் சொல்லு என்பார்கள். கிட்வுட் ஏமாற்றுவதைத் தீங்குகளின் பட்டியலில் வைத்தார். நான் நடுவில் எங்கோ நிற்கிறேன். அப்பா தங்கவயலில் லேம்ப் ரூமில் இருந்தவர். கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கைக் கொடுத்து, மேலே வந்ததும் எண்ணி வாங்கி வைக்கிற வேலை. மர்பி டவுன் வீட்டில் ராத்திரி ஒன்பதரை ஆனால் கிரில் கேட்டைப் பிடித்து உலுக்குவார், ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று. மைன்ஸை மூடியாச்சு அப்பா, 2001 பிப்ரவரியிலேயே மூடிட்டாங்க என்று நான் விளக்குவேன். ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் செய்தி அவருக்குப் புதுசு. ஒவ்வொரு ராத்திரியும் அவர் முகத்தில் ஒரு ஊரே செத்துப்போகும். ஒரு நாள் அலுத்துப்போய் "சங்கு இன்னும் ஊதலப்பா" என்றேன். "ஊதலையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அது பொய்யில்லை, அந்தச் சங்கு இனி ஊதவே போவதில்லை. அப்புறம் நாலு டார்ச் லைட் வாங்கி வைத்தேன். அதை எண்ணி வரிசையாக அடுக்கி, ஒன்று குறைந்தால் என்னைத் திட்டி, எல்லாம் வந்தாயிற்று என்றால்தான் படுப்பார். மூன்று மாதம் ஓடியது. பிறகு டார்ச்சைப் பார்த்தால் என்னவென்றே தெரியவில்லை, வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இந்த நோயில் எந்த உபாயமும் நிரந்தரமில்லை. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. இது பெங்களூருத் தமிழர் வீடுகளுக்கென்றே உள்ள சிக்கல். இங்கே மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் பணியாற்றும் டாக்டர் சுவர்ணா அல்லாடி, ஹைதராபாத்தில் இருந்தபோது 648 நோயாளிகளை வைத்து 2013இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி புழங்கியவர்களுக்கு மறதிநோய் சுமார் நாலரை வருடம் தள்ளி வந்ததாக அதில் தெரிந்தது. படிக்காதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. கன்னடத்தில் வியாபாரம், தமிழில் வீடு, கொஞ்சம் தெலுங்கு என்று இருந்திருக்கக்கூடிய உங்கள் அத்தைக்கும் அது உதவியிருக்கலாம். ஆனால் நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும். நேற்றுவரை கன்னடத்தில் பேரம் பேசியவர் வாட்ச்மேன் சொல்வது புரியாமல் விழிப்பார். பகலில் வருகிற பெண் என்ன மொழி பேசுகிறாள்? ஹிந்தி மட்டும் என்றால், அத்தைக்குப் பகல் எட்டு மணி நேரமும் வெளியூரில் மாட்டிக்கொண்ட மாதிரி. ஆளை மாற்றச் சொல்லவில்லை, நல்ல ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருபது தமிழ் வார்த்தை கற்றுக்கொடுங்கள். தண்ணி, வலிக்குதா, பசிக்குதா, வாங்க, பயப்படாதீங்க. "பூக்காரம்மா" என்று கூப்பிடச் சொல்லிப் பாருங்கள், அத்தைக்கு அது பிடித்திருந்தால்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு தாள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மருந்து அட்டவணை பக்கத்தில் இதுவும் இருக்கட்டும்: எந்த ஊர், என்ன தொழில், எத்தனை பிள்ளை, யார் பெயரைச் சொன்னால் சிரிப்பார், எதைச் சொன்னால் அழுவார், காபியா டீயா, சர்க்கரை எவ்வளவு, தூங்கும்போது விளக்கு வேண்டுமா. இந்த முறையின் பாதி அந்தத் தாள்தான். ஆள் மாறும்போதெல்லாம் அத்தையின் வாழ்க்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கக் கூடாது. ஒருவேளை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். கழுத்திலோ கையிலோ உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். கீழே வாட்ச்மேனிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். மறைக்கிற விஷயமில்லை.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. டோனெபெசில், மெமன்டின் போன்றவை சிலருக்குக் கொஞ்ச நாள் கைகொடுக்கும், நோயைக் குணப்படுத்தாது. ரொம்ப ஆர்ப்பாட்டம் செய்தால் மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளை எழுதித் தருவார்கள். மறதிநோய் வந்த முதியவர்களுக்கு அவற்றால் உயிராபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரிக்கை போட்டது. சில நேரம் வேறு வழியில்லாமல் தேவைப்படும், நானே கொடுத்திருக்கிறேன். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எதற்கு, எத்தனை நாளைக்கு, எப்போது குறைப்பீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. கேள்வியில் கணவர் ஒரே ஒரு தடவை வருகிறார், அதுவும் வேலைக்குப் போகிறார் என்று. நாத்தனார் என்று ஒருவர் இருந்து போனில் பேசினால் அத்தை நன்றாகத்தான் பேசுவார், "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீங்கதான் பெருசு பண்றீங்க" என்று உங்களுக்குக் கிடைத்திருக்கும். விருந்தாளி எதிரில் இவர்கள் அரை மணி நேரம் அசாத்தியமாகச் சமாளிப்பார்கள், அது நோயின் இயல்பு. நாத்தனாருக்கு விளக்கம் சொல்லாதீர்கள், ஒரு சனி ஞாயிறு வந்து தங்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போங்கள். குளிக்க வைப்பது மருமகள் வேலை என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. மகனும் வெந்நீர் போடலாம். மனிதரை மையமாக வைப்பது என்றால் அந்த வீட்டில் நீங்களும் ஒரு மனிதர்தான்.

இங்கே துணைக்கு இடங்கள் உண்டு. நிம்ஹான்ஸில் முதியோருக்கான சிகிச்சை இருக்கிறது. நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் இந்த நோய்க்கென்றே மையம் நடத்துகிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்குப் பெங்களூரிலும் கிளை உண்டு. ராத்திரி தனியாகத் திணறினால் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567. நாட்டில் அறுபது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதிநோய் இருக்கிறது என்பது சமீபத்திய கணக்கு. உங்கள் தெருவிலேயே இன்னொரு மருமகள் இதே நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றிருப்பாள்.

கடைசியாக, பூ. இந்த வாரமே செய்து பாருங்கள். உதிரிப்பூ கால் கிலோ போதும். மல்லி முகூர்த்த நாளில் கை வைக்க முடியாத விலை, காக்கடாவோ கனகாம்பரமோ பரவாயில்லை. நூல் வாங்காதீர்கள், வாழைநார் வாங்கி நனைத்து வையுங்கள். நாலு மணிக்குத் தரையில் பாய் போட்டு, உட்கார முடியாவிட்டால் முக்காலி போட்டு, முறத்தில் பூவைக் கொட்டி, ஈரத்துணி ஒன்று பக்கத்தில் வைத்துவிடுங்கள். "கட்டுங்க" என்று சொல்ல வேண்டாம். நீங்களே உட்கார்ந்து தப்பாகக் கட்டுங்கள். பேரப்பிள்ளை பெயர் மறந்தாலும் விரல் அந்த முடிச்சை மறக்க நாளாகும், செய்து செய்து பழகியது மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கையிலிருந்து அவரே பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இடைவெளி விட்டுக் கட்டினாலும் திருத்தாதீர்கள், பூவை வாயில் போடுகிறாரா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, உங்களைப் பார்த்துக் காசு கேட்பார். கொடுத்துவிடுங்கள். சில்லறையாகக் கொடுங்கள், பையில் போட வேண்டுமே.